மாப்பிள்ளை காருக்குச் சார்ஜ் போட்ட காலை

தம்பி,

உன் கல்யாண ஆல்பம் நேற்று வந்து சேர்ந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன் மேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை பார்த்தேன். நலங்கு இருக்கிறது, தாலி கட்டு இருக்கிறது, தர்ஷினி சிரித்துக்கொண்டே அழுவது இருக்கிறது. பந்தியில் உன் பெரியப்பா வாயைத் திறந்துகொண்டிருந்ததைக்கூட அந்தப் பையன்கள் விடவில்லை. நான் தேடிய படம் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த நேரத்தில் படம் எடுப்பவர்கள் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸ் மண்டப வாசலில் உனக்காகக் காத்திருந்தார்கள். நீயும் நானும் உன் பெரியம்மாவும் கிள்ளானில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், சார்ஜருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். யாரும் எடுக்காத அந்தப் படத்தை எழுதியாவது வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து ஜோகூருக்குப் போனதிலிருந்து நீ போனில் "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதற்கு மேல் கேட்பதில்லை. நானும் "ஆச்சு, ஆச்சு" என்பதற்கு மேல் சொல்வதில்லை. போனில் வராத பேச்சு எழுதினால் வருகிறது.

இந்தக் கரண்டு காரை நீ வாங்கி வந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "மழ பேஞ்சா ஷாக் அடிக்காதா?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாளே மாட்டிக்கொண்டாய். நம் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பிளக் வைக்க நிர்வாகம் விடவில்லை. நாலாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடவா முடியும்? வார நாட்களில் நீ கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வருவாய். ஆகவே ரிட்டயராகி வீட்டில் சும்மா இருந்த அம்மாவிடம் சாவி வந்தது. ஷா ஆலம் பேக்டரியில் அத்தனை வருடம் சின்னச் சின்ன வயர்களைச் சொருகியவள், பெரிய வயர் ஒன்றைச் சொருக மாட்டேனா என்ற திமிரில் கிளம்பினேன். பக்கத்து மாலின் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிற வேகச் சார்ஜர் முதல் நாளே என் திமிரை இறக்கியது. கேபிள் என்ன கனம் கனக்கிறது. போனில் ஆப்பைத் திறந்து, சார்ஜரில் ஒட்டியிருக்கும் கட்டங்களைப் படம் பிடித்து, துளையில் சொருகினால், 'காத்திருக்கவும், காத்திருக்கவும்' என்றே திரை சொல்லிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் சிவப்பாக இருந்த பெரிய பொத்தானை அழுத்திவிட்டேன். அது அவசரத்துக்கு நிறுத்துகிற பொத்தான். பக்கத்துக் காருக்கு ஏறிக்கொண்டிருந்த சார்ஜும் சேர்ந்து நின்றுபோனது.

அந்தப் பக்கத்துக் காரிலிருந்து இறங்கியவர்தான் காக் ரோஸ். ஆப்பில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார் ஓட்டுகிற மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். திட்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்த மலாய் மன்னிப்புகளை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கேபிளைச் சொருகி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். கிளிக் என்று சத்தம் வந்தது. "அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் நம்பாதே" என்றார். அன்றிலிருந்து நானும் இடுப்பால்தான் தள்ளுகிறேன். அங்கே வருகிறவர்களின் பழக்கங்களை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். காருக்குள் கண்ணாடி ஓரம் போன் நம்பரை எழுதி வைக்க வேண்டும். ஒரு சார்ஜர் கெட்டுப்போயிருந்தால் குழுவில் செய்தி போட வேண்டும். எண்பது சதவீதம் ஆனதும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், காத்திருப்பவருக்கு வயிறு எரியும். இதையெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதிப் போடவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் எனக்கும், எண்பது தாண்டியும் காரை விட்டுவிட்டு மாலுக்குள் சுற்றுகிறவர்கள் மேல் கோபம் வர ஆரம்பித்தது.

சனிக்கிழமைகளில் நீயும் கூட வருவாய். ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சீட்டைச் சாய்த்துப் போட்டு, இருவரும் அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் என்றால் நீ உன் அறைக்குப் போய்விடுவாய், நான் நாடகம் பார்க்கப் போய்விடுவேன். அங்கே போவதற்கு இடம் கிடையாது, பேசித்தான் ஆக வேண்டும். தர்ஷினியைப் பற்றி நீ முதலில் சொன்னதும் அங்கேதான். முப்பதில் ஆரம்பித்து, ஐம்பது வரை 'ஆபீஸ் பிரண்டு' என்றே ஓட்டி, அறுபதில்தான் உண்மையைச் சொன்னாய். நான் ரொட்டியை மென்றுகொண்டே, "எப்ப பொண்ணு பாக்கப் போறோம்?" என்றேன். உனக்கு ஏமாற்றமாக இருந்தது. அழுவேன், சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய் போலிருக்கிறது.

அப்படி நிறுத்திப் பேசுவது எனக்குப் புதிதில்லை, தம்பி. உன் அப்பாவின் வெள்ளைக் கார் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. துறைமுகத்தில் அவ்வளவு உயரத்தில் கிரேனில் உட்கார்ந்து கண்டெய்னர்களைத் தூக்கி வைத்த மனிதரால் ஒரு ரேடியேட்டரைச் சமாளிக்க முடியவில்லை. தீபாவளிக்குப் பந்திங்கில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாதி வழியில் ஊசி சிவப்புக்கு ஏறிவிடும். அவர் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். செம்பனைத் தோட்ட ஓரமாக நிறுத்தி, போனெட்டைத் தூக்கி வைத்து, "மூச்சு வாங்கட்டும்" என்பார். ஆவி அடங்கும் வரை நாம் மூவரும் பழைய பாயை விரித்துப் புல்லில் உட்காருவோம். பெரியம்மாவுக்கென்று கட்டிய முறுக்கு டின் அங்கேயே திறக்கப்படும். ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர், அந்த ரோட்டோரத்தில் வாய் ஓயாமல் பேசுவார். கிரேன் உச்சியிலிருந்து விடியற்காலைக் கடல் எப்படி இருக்கும் என்று சொன்னது அங்கேதான். எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதும் அங்கேதான். "நீ ஓட்டு, நான் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறேன்" என்றார். அந்தக் கார் நல்ல காராக இருந்திருந்தால் எனக்கு உன் அப்பாவைப் பாதிதான் தெரிந்திருக்கும்.

அவர் போனபோது நீ பள்ளிக்கூடப் பையன். அதற்குப் பிறகு, கல்யாண வீடுகளில் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கால்கள் தானாகக் கற்றுக்கொண்டன. தாம்பூலத் தட்டு வரும்போது சமையற்கட்டுப் பக்கம் போவது, பெண்ணழைப்பு நேரத்தில் பாத்திரம் கழுவுவது, ஆரத்தி எடுக்கும்போது செருப்பைத் தேடுவது. உன் பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா இறந்த மாதம் முழுக்க நம் வீட்டில் தங்கி, எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தவர் அவர்தான். ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவரும் வேறு ஆளாகிவிடுவார். எனக்கும் அதை எதிர்த்துக் கேட்கத் தோன்றியதில்லை.

கல்யாணத் தேதி குறித்த வாரம் சார்ஜர் பக்கத்தில் நீ ஆரம்பித்தாய். "மேடைக்கு நீங்கதான்மா வரணும்."

"பெரியப்பாவும் பெரியம்மாவும் நிப்பாங்க. அதான் முறை."

"என்னை வளத்தது யாரு? அவங்களா?"

"நாளைக்கு உங்க ரெண்டு பேருல யாருக்காவது ஒரு காய்ச்சல் வந்தாகூட என்னைத்தான் சொல்லுவாங்க, தம்பி."

"சொல்லிட்டுப் போறாங்க லா."

சனம் பேசும் என்பது பாதிதான். மீதிப் பாதி, எனக்கே பயம். அப்பாவை எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது உன் மேல் பட்டுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். படித்த பிள்ளையிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு, "அட்லீஸ்ட் நான் வீட்ட விட்டுக் கெளம்பும்போதாவது கூட வாங்க" என்றாய். அதுவும் முடியாது என்றேன். மாப்பிள்ளை புறப்படும்போது எதிரில் வரக் கூடாதவள் நான். பாத்திரம் ஏற்றுகிற வேனில் முன்னாலேயே போய்விடுவது என்று பெரியம்மாவோடு பேசி முடிவாகியிருந்தது. நீ "சரிம்மா" என்றாய். அவ்வளவு சுலபமாக நீ எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பூக்கடைப் பையன்கள் வந்து காரை அலங்கரித்தார்கள். கார் உன்னுடையது, மாப்பிள்ளை காரும் அதுதான். கண்ணாடிக்கு ரிப்பன், கதவுகளுக்கு ரோஜா, முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய சாமந்தி மாலை. நான் மேலே பட்சணம் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வந்து பார்த்தபோது பெரியம்மா கற்பூரம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழமும் வைத்து முடித்திருந்தார். மாலை சரியாகச் சார்ஜ் துளையின் மூடி மேல் கிடந்தது.

"அக்கா, சார்ஜ் போடுற மூடி அதுக்குப் பின்னாலதான் இருக்கு. நான் சாயங்காலம் போடலாம்னு இருந்தேன்."

"பூசை போட்டாச்சு புள்ள. தாலி ஏறுற வரைக்கும் கட்டின மாலைய அவுக்கக் கூடாது."

நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இருபத்தஞ்சு இருக்கும்மா, பிரிக்பீல்ட்ஸ் போகப் போதும்" என்றாய். உன் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது, நீ வாசல் தாண்டக் கூடாது. போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் வீடு நிறையப் பிள்ளைகள். பெரியவர்கள் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்க, அதுகள் எல்லாம் மாப்பிள்ளை காருக்குள் ஏர்கான் போட்டு, பாட்டு வைத்து, படுத்துப் புரண்டுகொண்டிருந்தன. சாவியை யார் கொடுத்தது என்று கேட்டேன். "மாமாதான் குடுத்தாரு, ஜாலியா உக்காருங்கன்னாரு" என்றது ஒரு வாண்டு. மாமா என்றால் நீ.

மறுநாள் காலை நான் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மடியில் வெண்கலத் தாம்பாளம், காலடியில் தேங்காய் மூட்டை. இனி உன்னைக் கல்யாணம் முடிந்துதான் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அம்மா, ஒம்போதுதான் காட்டுது" என்றாய். உன் குரலில் பதற்றமே இல்லை.

இறங்கி வந்தேன். காரைச் சுற்றிக் கூட்டம். நீ பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நடுவில் நின்றாய். உன்னை அப்படி முதலில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வேன் ஏறினேன். பார்த்துவிட்டேன். பெரியப்பா, "என் கார்ல ஏறு, போவோம்" என்றார். பெரியம்மா விடவில்லை. "பூசை போட்ட கார விட்டுட்டு வேற காரா? மாப்ள அதுலதான் போவணும்." அவர் வாயாலேயே அது முடிவானது.

"வழியில சார்ஜ் போட்டா இருவது நிமிஷம்தான் பெரியம்மா" என்றாய் நீ. "ஆனா ஆப் அம்மா போன்லதான் இருக்கு."

"போனைக் குடுக்கிறேன், எடுத்துட்டுப் போ" என்றேன்.

"எனக்குப் பாஸ்வேர்டு தெரியாதே."

"சொல்றேன்."

"மா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. நீங்க ஓட்டுங்க." காரை ஓட்டுவதற்கென்று வந்திருந்த உன் நண்பனைப் பெரியப்பா காருக்கு அனுப்பிவிட்டு, நீ முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். எல்லாருடைய கண்ணும் பெரியம்மாவின் மேல் இருந்தது. அவர் உன்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து, "நானும் வரேன்" என்று ஏறிக்கொண்டார். காவலுக்கு வருகிறார் என்று புரிந்தது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு காரை எடுத்தது நான்தான், தம்பி. உனக்குத் தெரிந்திருக்காது, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சார்ஜரில் இரண்டு முனை, ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றதில் காக் ரோஸ். அவர் வண்டிக்கு அப்போதுதான் பாதி ஏறியிருந்தது. மாலையும் ரிப்பனுமாக வந்து நிற்கிற காரையும், பட்டுப்புடவையில் இறங்குகிற என்னையும், உன் தலைப்பாகையையும் பார்த்துவிட்டு, "அலாமாக்" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே கேபிளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஏர்போர்ட் சவாரி இருக்கிறதாம், டெங்கில் பக்கம் ஒரு சார்ஜர் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்வாராம். அது வேலை செய்கிறதோ இல்லையோ, அங்கே எத்தனை பேர் நிற்கிறார்களோ. "கல்யாணம் ஒரு தடவைதான், எனக்குச் சவாரி தினமும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஒரு படமாவது எடுத்திருப்பார்.

கேபிளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். மாலை.

"இரு புள்ள" என்று பெரியம்மா ஓடி வந்தார். "தாலி ஏறாம அத அவுக்கக் கூடாது. அதும் நீ..."

"அவுக்கலன்னா இன்னைக்குத் தாலியே ஏறாதுக்கா" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"அப்ப நான் அவுக்கறேன்." அவர் குனிந்து இழுத்தார். பூக்கடைப் பையன்கள் நூலில் கட்டியிருந்தால் வந்திருக்கும், கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அவர் வளையல் அதில் மாட்டிக்கொண்டது. வளையலை விடுவித்து, மறுபடி இழுத்து, விரலைக் குத்திக்கொண்டு, மணியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, "நீயே பாரு" என்றார்.

பேக்டரி விரல்களுக்கு அது ஒரு வேலையா? இரண்டு முறுக்கு திருப்பினேன், மாலை என் கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அடுத்த சிக்கல். சாமிக்குக் காட்டிய மாலையைத் தரையில் வைக்க முடியாது. கார் மேல் வைத்தால் வழுக்குகிறது. பெரியம்மா குத்துப்பட்ட விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் அதை ஏந்திக்கொண்டு நிற்கிறேன், கேபிள் தரையில் கிடக்கிறது, நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது நீ என் முன்னால் வந்து, தலைப்பாகை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாய். "என் கழுத்துல போடுங்கம்மா. கீழ வைக்கக் கூடாதுல்ல."

போட்டேன். அன்றைக்கு உன் கழுத்தில் விழுந்த முதல் மாலை அது. மண்டப வாசலில் உன் மச்சான் போட்டதும், மேடையில் தர்ஷினி போட்டதும் அதற்குப் பிறகுதான். நீ அப்படியே இன்னும் குனிந்து என் காலைத் தொட்டாய். கார் துடைக்கிற துணியும் எண்ணெய்க் கறையும் கிடக்கிற தரையில், பட்டு வேட்டி புரள. நான் உன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னேன். "நல்லா இரு" என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயமே இல்லை. பிறகு கேபிளைச் சொருகி, புதுப் பட்டுப்புடவையோடு இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். கிளிக் என்றது. இதுதான் ஆல்பத்தில் இல்லாத படம்.

எண் ஏறத் தொடங்கியது. சார்ஜரின் காற்றாடி இரைந்தது. பெரியம்மா எங்களைப் பார்க்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பாமலே, "தம்பி இருந்திருந்தா இந்நேரம் போனெட்டத் தூக்கி வச்சிட்டு முறுக்கு தின்னுக்கிட்டிருக்கும்" என்றார். தம்பி என்று அவர் சொன்னது உன் அப்பாவை.

"உங்களுக்குன்னு கட்டுன முறுக்குதான்க்கா, பாதி அங்கயே தீந்துரும்" என்றேன்.

"தெரியும். டின்னு எப்பவும் பாதிதான் வரும். வாசல்லயே நிப்பேன். லேட்டானா இவன் பெரியப்பா, ரேடியேட்டருன்னு சிரிப்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நீ கழுத்தில் கார் மாலையோடு போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாய். நாற்பதைத் தாண்டியதும் கேபிளைக் கழற்றினேன். உன் கழுத்திலிருந்து மாலையை எடுத்து மறுபடி காருக்குக் கட்டும்போது, ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையைக் கேட்காமலே பெரியம்மா பிடித்தார். பெடரல் ஹைவேயில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருந்தது.

நான் பிறந்து வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்கு உன்னை மாப்பிள்ளையாக ஓட்டிக்கொண்டு வந்தேன். என் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது உயரமாக ஏதோ நிற்கிறது. ஆனால் பூக்கடைகளின் வாசம் மட்டும் அதே வாசம். வாசலில் உன்னை இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போனேன். நான் படியேறி வந்தபோது நீ மேடையில் இருந்தாய். ஐயர் கூப்பிட்டபோது பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் போய் நின்றார்கள். ஒரு காலையில் எல்லாம் மாறிவிடாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். கெட்டிமேளத்துக்கு முன்னால் நீ கழுத்தை நீட்டி யாரையோ தேடினாய். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அதன் பிறகுதான் நீ தாலியைக் கையில் வாங்கினாய். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. நீ எங்கே பார்க்கிறாய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. அந்தக் காரை முப்பதுக்குக் கீழே இறங்க விடாத பிள்ளை நீ. எங்கிருந்தாலும் எவ்வளவு இருக்கிறது என்று உன் போன் உனக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்தவனும் நீ. தெரியாது என்றாயே அந்தப் பாஸ்வேர்டு, அது உன் பிறந்த நாள், நீயே போட்டுக் கொடுத்தது. நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். நான் கேட்டால் நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பு உன் அப்பாவுடையது, அதை நான் நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.

தர்ஷினியின் காரும் கரண்டு கார்தான் என்பதால் உனக்கு இரண்டு வார்த்தை. ஜோகூரிலிருந்து இங்கே வரும் வழியில் நிறுத்திச் சார்ஜ் போடுவீர்கள் அல்லவா, அப்போது ஆளுக்கொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இறங்குங்கள். எதையாவது வாங்கிப் பங்கு போட்டுத் தின்னுங்கள். வீட்டில் பேச முடியாதது ஏதாவது இருந்தால் அங்கே பேசுங்கள், சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை, கேபிள் மாட்டியிருக்கும் வரை யாரும் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போக முடியாது. யாராவது அவசரமாக வந்து நின்றால் உன் எண்ணைப் பார்க்காதே, அவர்கள் முகத்தைப் பார். காக் ரோஸ் பார்த்த மாதிரி. அவரிடம் மறுநாள் கேட்டேன், டெங்கில் சார்ஜரில் ரொம்ப நேரம் நின்றாராம், சவாரி கைவிட்டுப் போனதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்யாணச் சாப்பாடு ஒரு டிபன் கேரியரில் கொண்டு போய்க் கொடுத்தேன். இனிப்பு மட்டும் வேண்டாம் என்றார், சர்க்கரையாம்.

இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்று காலை பெரியம்மா போன் செய்தார். அவர் மகளுக்கு, உன் அக்கா கவிதாவுக்கு, அடுத்த மாதம் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். சமையலுக்கு எத்தனை தேங்காய் சொல்லலாம் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பொண்ணு காரு நீதான் ஓட்டணும்" என்றார்.

"டிரைவருக்கு ஆள் கெடைக்கலையாக்கா?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"டிரைவரு நூறு பேரு கெடைப்பாங்க லா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வேன்ல போறேன்னு சொல்லாத. அவ வீட்ட விட்டு எறங்கும்போது நீ முன்னால நிக்கணும். மாலைய எங்க கட்டறதுன்னு நீயே வந்து சொல்லு."

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீ எனக்கென்று விட்டுப்போன காரில் எழுபது இருந்தது. இருந்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய், காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மா